பந்தியில் உட்கார்ந்து எழுதிய நோய்க்குறிப்பு

எங்கள் டயாலிசிஸ் யூனிட்டில் இப்போது காகிதக் கோப்பு கிடையாது, டேப்லெட் வந்துவிட்டது. புதிதாக ஒரு பெண் நோயாளி சேர்ந்தால் அதில் நான்கு கேள்விகள் வரிசையாக வரும். வயதுக்கு வந்தாரா, எப்போது, இதைச் சொன்னது யார், நோயாளியைத் தனியாக வைத்துக் கேட்டீர்களா. நான்கையும் நிரப்பாமல் அடுத்த பக்கம் திறக்காது. பேரன் பேத்தி எடுத்த அம்மா வந்தாலும் கேட்டுத்தான் ஆக வேண்டும். வேலைக்குச் சேருகிற பிள்ளைகள் முதல் வாரத்திலேயே இதைத் திட்ட ஆரம்பித்துவிடுகிறார்கள். இதை யார் வைத்தது என்று கேட்டால், "பாலு அண்ணா" என்று பதில் வருமாம். ஓய்வு பெற்ற பிறகும் தவறாமல் வசவு வாங்குகிற பாக்கியம் எத்தனை பேருக்குக் கிடைக்கும்?

போன மாதம் யூனிட் பொறுப்பில் இருக்கும் எஸ்தர் சிஸ்டர் கூப்பிட்டார். "புதுப் பசங்களுக்கு நீங்களே எழுதிக் குடுத்துடுங்க பாலு. நான் சொன்னா அழுதுடறேன். நீங்க சொன்னா அதுங்க சிரிச்சுடுதுங்க. எழுதினாதான் நடுவுல நிக்கும்."

சரி, எழுதுகிறேன். நடுவில் நிற்குமா என்று தெரியாது. என் முதுகெலும்பே நடுவில் நிற்காமல்தான் ஐம்பத்து மூன்று வயதில் வேலையை விட்டேன். குனிந்து குனிந்து ஊசி போட்டதில் இடுப்பு வட்டு எனக்கு முன்னாலேயே ராஜினாமா கொடுத்துவிட்டது.

நான் இந்த வேலைக்குப் படித்த கதை ரொம்பச் சின்னது. பிளஸ் டூவுக்குப் பிறகு என்ன செய்வது என்று தெரியாமல் தாம்பரத்தில் சுற்றிக்கொண்டிருந்தவனை, மாமா ஒருவர் டயாலிசிஸ் டெக்னீஷியன் படிப்பில் தள்ளிவிட்டார். மிஷின் ரத்தத்தை வெளியே எடுத்து, வடிகட்டி, திருப்பி உள்ளே அனுப்பும் என்று புத்தகத்தில் படித்தபோது எல்லாம் புரிந்தது. வேலையில் முதல் அலாரம் அடித்த அன்று ஒன்றும் புரியவில்லை. குழாயைக் கவ்வியால் அடைக்க வேண்டியவன், ஓடிப்போய் ஏ.சி.யை நிறுத்தினேன். நாற்காலியில் இருந்த நோயாளி ஓய்வு பெற்ற தலைமையாசிரியர். "தம்பி, மிஷின் இந்தப் பக்கம் இருக்கு" என்று அவரே கை காட்டினார்.

அன்றைக்கே எனக்கு ஒன்று தெரிந்துபோயிற்று: நான் பயந்தாங்கொள்ளி. பயத்தை மறைக்க ஜோக் அடிக்கத் தொடங்கினேன். நான்கு மணி நேரம் கையில் இரண்டு ஊசியோடு அசையாமல் கிடப்பவர்களுக்கு அது பிடித்தும் போயிற்று. அதுவே என் அடையாளமாகி, என் மடத்தனத்துக்குப் போர்வையும் ஆனது.

எங்கள் சிறுநீரக மருத்துவர் ரங்கநாயகி மேடம் ஜோக்குக்குச் சிரிக்க மாட்டார், கோபத்துக்குக் கத்தவும் மாட்டார். காலையில் வந்ததும் ஸ்டெதாஸ்கோப்பைத் தொட மாட்டார். கட்டிலின் கால்மாட்டில் நின்று நோயாளி மூச்சு விடுவதைக் கொஞ்ச நேரம் பார்ப்பார். பிறகு கோப்பைக் கடைசிப் பக்கத்திலிருந்து முன்னோக்கிப் படிப்பார். நாம் என்ன சொன்னாலும் அவரிடமிருந்து ஒரே கேள்விதான் வரும். "பாத்ததா, கேட்டதா?"

ஒருமுறை, "கால்ல வீக்கம் இல்ல மேடம்" என்றேன்.

"பாத்ததா, கேட்டதா?"

"கேட்டது மேடம்."

அவரே குனிந்து அந்த நோயாளியின் கணுக்கால் மேல் கட்டைவிரலை வைத்து அழுத்தினார். பத்து எண்ணிவிட்டு எடுத்தார். மாவில் அழுத்திய மாதிரி பள்ளம் அப்படியே நின்றது. அந்தக் கட்டைவிரலை மட்டும் என் பக்கம் நீட்டிக் காட்டிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டார். மறுநாள் நான் யூனிட்டில் இருந்த எல்லாக் கால்களையும் அழுத்தினேன். பதற்றத்தில், விபத்தில் ஒரு கால் போய் பிளாஸ்டிக் கால் பொருத்தியிருந்த டிரைவர் ஒருவரின் அந்தக் காலையும் அழுத்தினேன். "வீக்கம் இல்ல மேடம். பாத்தது" என்று பெருமையாக வேறு சொன்னேன்.

இப்போது தண்ணீர் விஷயத்துக்கு வருகிறேன். ஒரு ஆளுக்கு ஒரு தடவை டயாலிசிஸ் செய்ய நூற்றிருபது லிட்டர் சுத்தமான தண்ணீர் வேண்டும். கோடை வந்தால் எங்கள் ஆஸ்பத்திரி போர்வெல் கையை விரித்துவிடும். அப்போது எங்களைக் காப்பாற்றியவர் கோவிலம்பாக்கம் ஏகாம்பரம். அவருடைய அப்பா காலத்து நெல்வயலில் இன்றைக்கு அடுக்குமாடிகள் நிற்கின்றன. மிச்சமிருந்த ஒரு மூலைக் கிணற்றை வைத்து டேங்கர் லாரிகள் ஓட்டினார். லாரியோடு அவரே வெள்ளைச் சட்டையில் வந்து இறங்குவார். "இன்னா பாலு, உன் மிஷினுக்குத் தாகம் அடங்கிச்சா?" என்பார்.

ஒரு நாள் தட்டில் பத்திரிகையோடு வந்தார். "பொண்ணுக்கு மஞ்ச நீர் சடங்கு வச்சிகீறேன். ஆஸ்பத்திரி மொத்தமும் வர்ணும். வரலன்னு வெச்சிக்கோ, லாரிய மேடவாக்கம் சிக்னல்லயே ஆஃப் பண்ணி நிறுத்திடுவேன்."

போனோம், நானும் எஸ்தர் சிஸ்டரும். மெயின் ரோடு வளைவிலிருந்து மண்டபம் வரைக்கும் ஃபிளெக்ஸ். பதினாலு வயதுப் பெண்ணைப் பட்டுப்புடவை, பூ ஜடை, குடையோடு ஊஞ்சலில் உட்கார வைத்திருந்தார்கள். அவளைத் தர்ஷினி என்று அழைக்கிறேன். அது நிஜப் பெயர் இல்லை. இதை எழுதட்டுமா என்று கேட்டபோது, "எழுதுங்க அண்ணா, ஆனா பேரை நான்தான் செலக்ட் பண்ணுவேன்" என்று அவளே வைத்துக்கொண்ட பெயர்.

அன்று அவள் முகம் உப்பியிருந்தது. கண்ணுக்குக் கீழே பை மாதிரி தொங்கியது. அது ஸ்டீராய்டு மாத்திரையின் முகம், சிறுநீரில் புரதம் ஒழுகும் பிள்ளைகளின் முகம். வாரத்தில் ஆறு நாள் அதே முகங்களைப் பார்க்கிறவன் நான். செழிப்பான வீட்டுப் பிள்ளை, நன்றாகச் சாப்பிடுகிறது என்று நினைத்துக்கொண்டு, பந்தியில் உட்கார்ந்து பிரியாணியில் லெக் பீஸ் தேடிக்கொண்டிருந்தேன்.

ஒன்றரை வருடம் கழித்து ஏகாம்பரம் லாரி இல்லாமல் வந்தார். காரிலிருந்து சக்கர நாற்காலியில் மகளை இறக்கினார்கள். ஆறு வயதிலிருந்தே வியாதியாம். உடம்பு வீங்கும், மாத்திரை கொடுப்பார்கள், கேட்காது, டாக்டரை மாற்றுவார்கள். பெண்ணுக்குச் சீக்கு என்று தெரிந்தால் நாளைக்கு யார் கட்டுவான் என்று சொந்தக்காரர்களிடமே மறைத்திருக்கிறார்கள். வாராவாரம் எங்கள் வாசலில் நின்ற மனிதர், எங்களிடமும்தான் மறைத்திருக்கிறார். இப்போது இரண்டு சிறுநீரகமும் போய்விட்டன.

சேர்க்கை அன்று நடந்ததை இளைய பிள்ளைகள் கவனமாகப் படிக்க வேண்டும். மேடம் கட்டிலின் கால்மாட்டில் நின்றார். அம்மா செல்வி பக்கத்தில், ஏகாம்பரம் கதவருகே, கோப்போடு நான். மேடம் பழைய சீட்டுகளை எல்லாம் பார்த்துவிட்டு, கோப்பின் ஓரத்தில் பென்சிலால் ஏதோ எழுதிப் பக்கத்தில் ஒரு கேள்விக்குறி போட்டார். பிறகு செல்வியக்காவிடம் கேட்டார்.

"பீரியட்ஸ் வருதா?"

"வருது மேடம். சடங்கெல்லாம் பண்ணிட்டோம்."

மேடம் பெண்ணைப் பார்த்தார். பெண் போர்வையைப் பார்த்தாள். அவள் வயதுக்கு மிகவும் சின்ன உடம்பு. ஆனால் சிறுவயதிலிருந்து ஸ்டீராய்டு சாப்பிடுகிற பிள்ளைகள் எல்லோருமே அப்படித்தான் இருப்பார்கள். மேடம் பழக்கதோஷத்தில் என் பக்கம் திரும்பினார். "பாத்ததா, கேட்டதா?"

வேலைக்குச் சேர்ந்து இத்தனை வருடத்தில் அந்தக் கேள்விக்கு அவ்வளவு நெஞ்சை நிமிர்த்தி நான் பதில் சொன்னதே இல்லை. "பாத்தது மேடம்! நானும் எஸ்தர் சிஸ்டரும் பந்தியிலயே உக்காந்தோம். பிரியாணி."

எல்லோரும் சிரித்தார்கள். மேடம்கூட லேசாகச் சிரித்தார். பென்சிலால் எழுதியதை அடித்தார். நான் பேனாவால் எழுதினேன்: 'பதினாலு வயதில் பூப்பெய்தினாள். மாதவிடாய் ஒழுங்கு.' ஒரு பெண் வயதுக்கு வந்ததற்குச் சடங்குச் சோறு சாட்சி. எனக்கு மட்டுமில்லை, நம் ஊரில் யாருக்குமே அதற்கு மேல் அத்தாட்சி தேவைப்படாது.

அந்த எழுத்து கோப்போடு நிற்கவில்லை. மிஷினுக்குள் ரத்தம் உறையாமல் இருக்க ஹெப்பாரின் என்று ஒரு மருந்து கொடுப்போம். மாதவிலக்கு நாட்களில் கொடுத்தால் உதிரப்போக்கு அதிகமாகும் என்பதால் குறைப்போம், சில நேரம் அறவே நிறுத்துவோம். அதனால் பெண்களிடம் கேட்க வேண்டும். எஸ்தர் சிஸ்டர் இருந்தால் அவர் கேட்பார். இல்லாத நாளில் எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும். நானாக ஒரு வழி கண்டுபிடித்து வைத்திருந்தேன். "இன்னைக்கு மருந்து கம்மியா?" என்பேன். "கம்மி" என்றால் புரிந்துகொள்வேன். எவ்வளவு நாகரிகம் பாருங்கள்!

தர்ஷினி ஒவ்வொரு மாதமும் முதல் புதன்கிழமை "கம்மி" என்பாள். மனித உடம்பு அவ்வளவு கறாராக இருக்குமா? என் மிஷின்களே அவ்வளவு ஒழுங்கில்லை. ஆனால் எனக்கு ஒரு சந்தேகமும் வரவில்லை. ஒழுங்கு என்று நானே எழுதியிருக்கிறேனே.

அப்படி ஒரு புதன்கிழமை, மருந்து இல்லாமல் ஓட்டிக்கொண்டிருந்தபோது அலாரம் அடித்தது. வடிகட்டி கருத்துக்கொண்டே வந்தது. உப்புநீரைத் தள்ளிப் பார்த்தேன். பாதி என் சட்டையில் கொட்டியது. என் ரத்த அழுத்தத்தை அளந்திருந்தால் அந்த மிஷினும் அலறியிருக்கும். குழாயில் இருந்தது முழுக்க உறைந்துபோயிற்று. உடம்புக்குத் திருப்பிக் கொடுக்க முடியாமல், ஏற்கெனவே ரத்தசோகையில் வெளுத்துக் கிடந்த பிள்ளையின் ஒரு டம்ளர் ரத்தத்தைக் குப்பையில் போட்டேன்.

"ஸாரி அண்ணா" என்றாள்.

"நீ ஏம்மா ஸாரி சொல்ற? மிஷினுக்கு உன் ரத்தம் ரொம்பப் புடிச்சுப்போச்சு, திருப்பித் தர மாட்டேங்குது" என்றேன். அவள் சிரிக்கவில்லை. அதே மாதிரி இன்னொரு புதன்கிழமையும் நடந்தது. அப்போதும் ஸாரி சொன்னாள். நல்ல வளர்ப்பு என்று நினைத்துக்கொண்டேன்.

இரண்டு வருடம் இப்படியே ஓடியது. குன்றத்தூர் முருகனுக்கு வேண்டிக்கொண்டு, தானாகச் சரியாகிவிடும் என்று ஏகாம்பரம் காத்திருந்தார். கடைசியில் சிறுநீரக மாற்றத்துக்கு ஒத்துக்கொண்டார். அவருடைய ரத்தவகை சேரவில்லை, செல்வியக்காவுடையது சேர்ந்தது. "என்னுத எடுத்துக்குங்க. ரெண்டுமே வோணும்னாலும் எடுத்துக்குங்க" என்றார் அக்கா. எல்லாப் பரிசோதனையிலும் தேறினார். தேதி குறிப்பதற்கு முன் தர்ஷினிக்கு வழக்கமான வயிற்று ஸ்கேன் ஒன்று மட்டும் பாக்கி.

ஸ்கேன் எடுத்த மறுநாள் மேடம் என்னை அறைக்குக் கூப்பிட்டார். மேசையில் அவளுடைய கோப்பு. முதல்முறையாக அதை முதல் பக்கத்திலேயே திறந்து வைத்திருந்தார்.

"கர்ப்பப்பை எட்டு வயசுக் குழந்தையோடது மாதிரி இருக்கு. ஒரு தடவைகூட ரத்தம் வந்திருக்க வாய்ப்பில்ல. சினைப்பை இருக்க வேண்டிய இடத்துல அது இல்ல. இடது பக்கம் எலுமிச்சம்பழம் அளவு கட்டி." கொஞ்சம் நிறுத்தினார். "பாலு, அந்த மண்டபத்துல நீங்க என்ன பாத்தீங்க?"

வாய் திறந்தது. "பிரியாணி மேடம்."

ஜோக்காகச் சொல்லவில்லை. யோசித்துப் பார்த்தால் நான் பார்த்தது அது ஒன்றுதான். பின்னால் நகர்ந்தவன் எடை பார்க்கும் கருவி மேல் ஏறிவிட்டேன். அது என் எடையைக் காட்டிவிட்டுக் கீச்சென்று கத்தியது. இறங்கவும் தோன்றாமல் அதன் மேலேயே நின்றேன்.

மேடம் கோப்பைத் திருப்பி, அடித்திருந்த பென்சில் எழுத்தைக் காட்டினார். 'குரோமோசோம் பார்க்கலாமா?' என்று எழுதியிருந்தது. ஸ்டீராய்டுக்குக் கேட்காத சிறுநீரக வியாதியும், வயதுக்கு வராத பெண்ணும் சேர்ந்து வந்தால் அபூர்வமாக ஒரு மரபணுக் கோளாறு இருக்கலாம் என்று அவருக்கு அன்றைக்கே தோன்றியிருக்கிறது. கருவில் சிறுநீரகமும் பாலினச் சுரப்பியும் பக்கத்துப் பக்கத்தில் உருவாகின்றன. இரண்டுக்கும் உத்தரவு போடுகிற மரபணுக்களில் ஒன்று டபிள்யூ.டி.ஒன். அது பழுதானால் சிறுநீரகத்தின் வடிகட்டியும் கெடும், சுரப்பியும் வளராமல் நின்றுவிடும். நின்றுபோன சுரப்பியை உள்ளேயே விட்டால் புற்றுநோயாக மாறும் ஆபத்து மிக அதிகம். அதனால் கண்டுபிடித்த உடனே எடுத்துவிடுவார்கள்.

"பாத்ததுன்னு சொன்னீங்க, அடிச்சேன்" என்றார். "நானும் அந்தப் பொண்ணைத் தனியாக் கூப்பிட்டுக் கேக்கல, கை வச்சுப் பாக்கல. ரெண்டு பேர் தப்பு. அதை அப்புறம் பேசலாம். அம்மாவக் கூப்பிடுங்க. நீங்க வெளிய போகாதீங்க."

செல்வியக்கா ஸ்கேன் படத்தைப் பார்க்கவே இல்லை. நிஜமாகவே வயதுக்கு வந்தாளா என்று மேடம் கேட்டதும் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டார்.

"அவகூட படிச்சதுங்க எல்லாம் வயசுக்கு வந்துடுச்சுங்க மேடம். எங்க நாத்தனா வாரா வாரம் போன் போடுவா, 'இன்னாடி, இன்னும் இல்லியா?'ன்னு. இவுருக்கும் ஒரே கவல. மாத்திர சாப்புடறதால லேட்டாவும்னு முந்தின டாக்டர் சொன்னாரு. எப்பிடியும் வரத்தான போவுது, நாலு மாசம் முன்னாடி பண்ணிட்டா இன்னா கெட்டுப்போவுதுன்னு..."

"வீட்டுக்காரருக்குத் தெரியுமா?"

"தெரியாது. நானும் அவளும்தான். ஆயிடுச்சுன்னு சொன்னவுடனே ரோட்டையே அடைச்சுப் பந்தல் போட்டாரு. அதுக்கப்புறம் எப்பிடி மேடம் சொல்லுவேன்? எங்க போனாலும் இதையே சொல்லுன்னு அவளுக்கும் சொல்லிக் குடுத்துட்டேன்."

சில வாரத்தில் குரோமோசோம் முடிவு வந்தது: எக்ஸ் ஒய், வழக்கமாக ஆண்களுக்கு இருப்பது. மரபணு முடிவும் மேடம் நினைத்தபடியே இருந்தது. ஏகாம்பரத்திடம் மேடமே சொன்னார். அவர் எல்லாவற்றையும் நின்றுகொண்டே கேட்டார்.

"அப்போ என் பொண்ணு இன்னா மேடம்?"

"உங்க பொண்ணு" என்றார் மேடம்.

மனைவியைத் திட்டுவார், மேசையைத் தட்டுவார் என்று பயந்து, கண்ணாடி டம்ளர்களை எல்லாம் நான் ஓரமாக நகர்த்தி வைத்திருந்தேன். அவர் கீழே போய்த் தன் லாரியில் ஏறி உட்கார்ந்துகொண்டார். டிரைவர் வெளியே நின்றான். தொட்டிக்குத் தண்ணீர் இறங்காமல் எங்கள் மோட்டார் கத்தத் தொடங்கியது. ஒரு மணி நேரம் கழித்து இறங்கி வந்து, "கிட்னி மாத்தறது எப்போ?" என்று மட்டும் கேட்டார்.

"இப்போ முடியாது" என்றார் மேடம். "முதல்ல கட்டிய எடுக்கணும்."

தர்ஷினியிடம் யார் சொல்வது என்று பெரியவர்கள் தயங்கிக்கொண்டிருந்தபோது, அவளே மிஷினில் படுத்தபடி கேட்டுவிட்டாள். "எல்லாரும் என்னைப் பாத்துப் பாத்துத் திரும்பிக்கிறீங்க. என்னன்னு சொல்லுங்க மேடம். நாலு மணி நேரம் எங்கயும் ஓட மாட்டேன்."

மேடம் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். அந்த யூனிட்டில் அவர் உட்கார்ந்து நான் பார்த்தது அன்றுதான். திரையை நான் இழுத்துவிட்டேன். மேடம் எதையும் குறைக்காமல், கூட்டாமல் சொன்னார்.

"அப்போ நான் பையனா?"

"இல்ல. குரோமோசோம் எக்ஸ் ஒய். ஆனா அதோட உத்தரவு பாதியிலயே நின்னுபோச்சு. உன் உடம்பு பொண்ணா வளர்ந்துச்சு, நீ பொண்ணா வளர்ந்த. நீ யாருன்னு ரிப்போர்ட் சொல்ல முடியாது, நீதான் சொல்லணும்."

குழாயில் ஓடும் தன் ரத்தத்தைப் பார்த்தாள். பிறகு, "நான் பொய் சொன்னதாலதான் கட்டி வந்துச்சா?" என்றாள்.

"இல்ல. அந்தச் சுரப்பி பிறக்கும்போதே உனக்குள்ள இருந்தது. முன்னாடியே தெரிஞ்சிருந்தா, கட்டியாகறதுக்கு முந்தி எடுத்திருப்போம். தெரியாமப் போனதுக்கு நானும் காரணம்."

மேடம் சொன்ன பிறகு நான் சும்மா நிற்க முடியுமா? "தர்ஷினி, ஃபைல்ல எழுதினது நான்மா. உங்க மண்டபத்துல சாப்பிட்டுட்டு வந்து, கண்ணால பாத்த மாதிரி எழுதினேன்."

"தெரியும் அண்ணா. நீங்க எழுதும்போது உங்களையே பாத்துட்டு இருந்தேன்." மிஷின் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். "ஒவ்வொரு மாசமும் முதல் புதன்கிழமையா வேணும்னேதான் சொன்னேன். எந்தப் பொண்ணுக்கு அப்படி வரும்? யாராவது கண்டுபிடிச்சுக் கேப்பீங்கன்னு நெனச்சேன். அம்மாக்கு சத்தியம் பண்ணிட்டேன், நானா சொல்ல முடியாதுல்ல."

என் வாயில் எப்போதும் ஒரு ஜோக் தயாராக இருக்கும். அன்றைக்கு அளக்கத் தேவையே இல்லாத ரத்த அழுத்தத்தை மூன்று முறை அளந்தேன்.

அறுவை சிகிச்சையில் இரண்டு பக்கச் சுரப்பியையும் எடுத்தார்கள். கட்டி புற்றுநோய்தான். டயாலிசிஸும் கீமோதெரபியும் சேர்ந்தால் ஒரு உடம்பு என்ன பாடுபடும் என்பதை நான் வர்ணிக்கப் போவதில்லை. நாற்காலியில் அவள் பக்கத்தில் எப்போதும் ஒரு பிளாஸ்டிக் பேசின் இருந்தது, அதை நான்தான் கழுவினேன். தலைமுடி போயிற்று. நோய் போய்விட்டது என்றார்கள். ஆனால் மாற்றுச் சிறுநீரகம் வைத்தால் எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கும் மருந்து கொடுக்க வேண்டும், அதில் புற்றுநோய் திரும்பினால் தடுக்க ஆளில்லை. குறைந்தது இரண்டு வருடம் காத்திருந்துதான் மாற்று என்று புற்றுநோய் மருத்துவர் சொல்லிவிட்டார். வாரத்துக்கு மூன்று நாள் டயாலிசிஸ் என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

நடுவில் ஹார்மோன் மாத்திரைகள் தொடங்கினார்கள். கர்ப்பப்பை இருந்ததால், சில மாதங்களில் மாத்திரையால் மாதவிடாய் வந்தது. இருபது வயதில் முதல்முறை. அன்று யூனிட்டுக்குள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு நுழைந்தவள், என் முன்னால் வந்து நின்று முகத்தைச் சுளித்தாள். "இதுக்காண்ணா அவ்வளவு பெரிய பந்தல் போட்டாங்க?"

எஸ்தர் சிஸ்டர் சிரித்துக்கொண்டே மருந்து அறைக்குள் போனார். வெளியே வர வெகுநேரம் ஆனது.

இரண்டு வருடம் முடிந்தது. ஸ்கேன் சுத்தம். செல்வியக்காவை மறுபடி பரிசோதனைக்கு வரச் சொன்னோம். குளித்து, பூ வைத்து, மூன்று வேளைக்குச் சமைத்து வைத்துவிட்டு வந்திருந்தார். ரத்தத்தில் சர்க்கரை ஏறியிருந்தது. சிறுநீரில் புரதம் எட்டிப் பார்த்தது. மேடம் மறு வாரம் திரும்ப எடுக்கச் சொன்னார், அதற்கு மறு வாரமும். மூன்றாவது முடிவு வந்ததும், அக்காவின் சிறுநீரகத்தை எடுத்தால் அவரே இந்த நாற்காலிக்கு வந்துவிடுவார் என்று சொல்லிவிட்டார்.

அக்கா காரிடாரில் என்னைப் பிடித்து நிறுத்தினார். "தம்பி, அன்னிக்கே உண்மையச் சொல்லியிருந்தா, முன்னாடியே என்னுத எடுத்து வச்சிருப்பாங்க இல்ல?"

ஆறுதல் சொல்ல எனக்கு நன்றாக வரும். அப்படியெல்லாம் இல்லக்கா, எல்லாம் விதி, உங்க மேல தப்பில்ல என்று பத்து வாக்கியம் நாக்கு நுனியில் நின்றது. ஆனால் அந்தப் பெண்ணுக்கு நடந்தது எல்லாமே, ஒருவர் மனம் நோகக் கூடாதென்று இன்னொருவர் சொன்ன வார்த்தையால் நடந்தது.

"ஆமாக்கா" என்றேன். "நான் ஒழுங்காக் கேட்டு எழுதியிருந்தாலும் எடுத்து வச்சிருப்பாங்க."

அவர் என்னை அடிப்பார் என்று நினைத்தேன். அடித்திருக்கலாம். சுவரைப் பிடித்துக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்தார். நானும் இடுப்பு வலியோடு பக்கத்தில் உட்கார்ந்தேன். துடைக்க வந்த அம்மா எங்கள் இரண்டு பேரையும் சுற்றித் துடைத்துவிட்டுப் போனார்.

இனி ஒரே வழி, மூளைச்சாவு அடைந்தவர்களின் உறுப்புக்காகக் காத்திருப்போர் பட்டியல். அதற்கான விண்ணப்பத்தோடு தர்ஷினியின் நாற்காலிக்குப் போனேன். அவள் மிஷினில் இருந்தாள். செல்வியக்கா கால்மாட்டில், ஏகாம்பரம் ஜன்னலருகே. பக்கத்து நாற்காலிகளில் எட்டுப் பேர், வேறு வேலையில்லாததால் எல்லோருடைய காதும் எங்கள் பக்கம். நான் திரையை இழுக்கப் போனேன்.

"வேணாம் அண்ணா" என்றாள். "அப்படியே எழுதுங்க. நான் சொல்றேன்."

முழுப்பெயர் சொன்னாள். ரத்தவகை சொன்னாள். நோய் என்ற இடத்தில், மரபணுவின் பெயரை எழுத்துக் கூட்டிச் சொன்னாள். குரோமோசோம் எக்ஸ் ஒய் என்றாள். செய்த அறுவை சிகிச்சை, வந்த புற்றுநோய், அது முடிந்த மாதம். இயற்கையாக வயதுக்கு வரவில்லை, மாத்திரையால் மாதவிடாய் என்றாள். பாலினம் என்ற கட்டத்துக்கு வந்து நான் நிமிர்ந்து பார்த்தேன். "பெண்" என்றாள். எல்லாம் சாதாரணக் குரலில், எட்டுப் பேருக்கும் கேட்கும்படி. ஏகாம்பரத்தின் கழுத்து நரம்பு புடைத்தது. ஜன்னல் பக்கம் திரும்புவார் என்று எதிர்பார்த்தேன், திரும்பவில்லை. மகளையே பார்த்துக்கொண்டு நின்றார்.

எழுதி முடித்ததும் ஊசி இல்லாத கையை நீட்டினாள். காகிதத்தை வாங்கி மேலிருந்து கீழே வரை ஒவ்வொரு வரியாகப் படித்தாள். ஒரு இடத்தில் மாதத்தைத் தவறாக எழுதியிருந்தேன். அடித்துத் திருத்தச் சொன்னாள். திருத்தினேன். மறுபடி படித்தாள். அதற்குப் பிறகுதான் கையெழுத்துப் போட்டாள்.

நான் வேலையை விட்டபோதும் அவள் திங்கள், புதன், வெள்ளி வந்துகொண்டிருந்தாள். இன்றும் வருகிறாள். பட்டியலிலிருந்து இன்னும் அழைப்பு வரவில்லை.